பம்பாயில் இரண்டேகால் மணி நேரம்

விமானம் மாறிப் போகிறவர்களுக்கு நடுவில் எவ்வளவு நேரம் வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டால் பதில் சொல்லி முடிக்க அரை நாள் ஆகும், அதில் பாதி வசவாக இருக்கும். நான் ஒரே ஒரு முறைதான் விமானத்தில் ஏறியிருக்கிறேன். அதுவும் மெட்ராஸிலிருந்து பம்பாய் வரைக்கும்தான். திரும்பி வந்தது ரயிலில். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் எங்கள் திருவண்ணாமலையில் என்னைவிட விவரம் தெரிந்த ஆள் அப்போது இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் வேலூரில் நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு வருடம் வேலை பார்த்திருந்தேன். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்கு எட்டு நர்ஸ்கள் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. மெட்ராஸுக்குப் போய், ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்திருந்த மூன்று பேர் கேட்ட கேள்விக்கெல்லாம் இங்கிலீஷில் பதில் சொல்லி, அந்த எட்டில் ஒருத்தியாகத் தேர்வானேன். யார் சிபாரிசும் இல்லை. அதை இப்போதும் சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

அவர்கள் போட்ட நிபந்தனை எளிமையானது. வியாழக்கிழமை காலை எட்டு பேரும் அங்கே வேலையில் சேர வேண்டும். பம்பாயிலிருந்து புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு மஸ்கட் விமானம். விசாவின் அசலை வைத்துக்கொண்டு அவர்கள் ஆள் மஸ்கட் விமான நிலையத்தில் அந்த விமானத்துக்கு மட்டும்தான் வந்து நிற்பார். வராதவள் இடத்துக்கு அடுத்தவளை எடுத்துக்கொள்வார்கள். கடிதத்தில் இதைத் தட்டச்சு செய்து அடிக்கோடு வேறு போட்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் தமிழில் சொன்னேன், இரண்டு முறை.

எங்கள் வீடு கூட்டுக் குடும்பம். கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையும் நெல்லும். நிலத்தை அப்பா பார்த்துக்கொண்டார், அப்பாவைப் பெரியப்பா பார்த்துக்கொண்டார். வீட்டில் யார் எந்த நாளில் எத்தனை மணிக்கு வாசல்படி தாண்டுவது என்பதைப் பெரியப்பாதான் பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தீர்மானிப்பார். அப்பாவுக்கு அதில் ஒரே வேலைதான். தலையாட்டுவது.

செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒருவர் சின்னக் கடை வைத்திருந்தார். வெள்ளைக்காரர்களுக்கு ரயில் டிக்கெட், விமான டிக்கெட் எடுத்துக் கொடுப்பது தொழில். என் டிக்கெட்டையும் அவரிடம்தான் சொன்னோம். அவர் முதலில் எடுத்தது சரியான டிக்கெட். புதன்கிழமை காலை ஆறரைக்கு மெட்ராஸில் ஏறினால் எட்டேகாலுக்குப் பம்பாய். மஸ்கட் விமானத்துக்கு நடுவில் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம். பம்பாயில் உள்நாட்டு விமானம் இறங்குகிற இடம் வேறு, வெளிநாட்டு விமானம் ஏறுகிற இடம் வேறு, நடுவில் பஸ்ஸில் போக வேண்டும், குறைந்தது நாலு மணி நேரமாவது கையில் இருக்கணும் என்று அவர் என் எதிரிலேயே சொன்னார். நானும் சரி என்றேன். அதோடு அது முடிந்திருக்க வேண்டும்.

பெரியப்பா கணக்குப் போட்டார். புதன் காலை ஆறரை விமானம் என்றால் செவ்வாய் மதியமே திருவண்ணாமலையை விட்டுக் கிளம்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை பெண்ணை வீட்டை விட்டு அனுப்புவார்களா? மாட்டார்கள். திங்கட்கிழமை போகலாமே என்றேன். அன்றைக்கு அஷ்டமி. ஞாயிற்றுக்கிழமை என்றேன். மூன்று நாள் வயசுப் பெண் மெட்ராஸில் யார் வீட்டில் தங்குவது என்றார்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். அடுக்களைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பரஸ்தானம் வைத்துவிட்டால் என்ன என்று கேட்டாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புறப்படுகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வருகிற ஒரு நல்ல நேரத்தில் பயணம் போகிறவரின் பெட்டியை மட்டும் வேறு ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பெட்டி கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிவிட்ட மாதிரி. பிறகு எந்த நாளில் வேண்டுமானாலும் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம், தோஷம் இல்லை. இதுதான் பரஸ்தானம். இதில் எங்கள் பெரியப்பாவைப் போல் கைதேர்ந்தவர் இருக்க முடியாது. நிலத் தகராறு ஒன்று மெட்ராஸ் ஹைகோர்ட்டில் பல வருடம் நடந்தது. வாய்தா எப்போதும் அவருக்குப் பிடிக்காத கிழமையில்தான் வரும். அவர் முந்தின நாளே மஞ்சள் பையை எதிர் வீட்டில் வைத்துவிட்டு, மறுநாள் வசதியான பஸ்ஸுக்கு ஜம்மென்று கிளம்பிப் போவார். எதிர் வீட்டுக் கூடத்தில் அந்தப் பைக்கென்றே ஒரு ஆணி இருந்தது.

அம்மா கேட்டதற்கு அவர் பஞ்சாங்கத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அது வேலூர், மெட்ராஸ் போறதுக்கு வைக்கிறது. கடல் தாண்டறதுக்கெல்லாம் பரஸ்தானம் செல்லாது,” என்றார்.

எந்தப் பஞ்சாங்கத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? இருந்ததுபோல்தான் நின்றேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் தப்பான மருந்து எழுதினால் நேருக்கு நேர் சொல்லுகிறவள் நான். வீட்டுக்குள் வந்ததும் என்ன ஆகும் எனக்கு என்று நினைத்தால் இன்றைக்கும் பத்திக்கொண்டு வருகிறது.

மறுநாள் பெரியப்பா தனியாகக் கடைக்குப் போய் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வந்தார். புதன் மதியம் ஒரு மணிக்கு மெட்ராஸில் விமானம். இரண்டே முக்காலுக்குப் பம்பாய். ஐந்து மணிக்கு மஸ்கட். புதன் விடியற்காலை வாடகைக் காரில் கிளம்பினால் போதும், செவ்வாய் தொல்லை தீர்ந்தது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். நான் நடுவில் இருக்கிற நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டேகால் மணி. போதுமா பெரியப்பா என்று கேட்டேன். கேட்டேன், அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

“திண்டிவனத்துல பஸ் மாறுறோமே, நமக்கு ரெண்டு நிமிஷம் இருக்குமா? ஜன்னல் வழியா துண்டைப் போட்டா சீட்டு நம்மளது. உனக்கு ரெண்டேகால் மணி நேரம் இருக்குது. உக்காந்து சாப்ட்டு, கை கழுவிட்டுப் போலாம்,” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கூடச் சிரித்தார். விமானத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போது பம்பாய் தெரியாது. இரண்டேகால் மணி நேரம் என்பது கடிகாரத்தில் பெரிதாகத்தான் தெரிந்தது.

புதன் விடியற்காலை தேங்காய் உடைத்து, சூடம் ஏற்றி, வலது காலை எடுத்து வைத்துக் கிளம்பினேன். பெரியப்பா கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அம்மா புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் முறுக்கும் போட்டுப் பெட்டியை ஆள் தூக்க முடியாத கனத்துக்கு ஆக்கியிருந்தாள். கையில் எடுத்துப் போகிற பையாக இருந்திருந்தால் பம்பாயில் பெட்டிக்காகக் காத்திருந்திருக்க வேண்டாம். அதற்காக அம்மாவைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவள் ஒருத்திதான் எனக்காகப் பேசியவள்.

மெட்ராஸில் பன்னிரண்டரைக்கு விமானத்தில் ஏற்றி உட்கார வைத்தார்கள். புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை. வாசல்படிக்கு நல்ல நேரம் பார்த்த பெரியப்பா விமானத்தின் படிக்குப் பார்க்கவில்லை. ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டியது கிளம்பவில்லை. ஏதோ கோளாறு என்றார்கள். உள்ளே வெந்துபோய் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து இருக்கையில் இருந்தவர் பேப்பரை நான்காகக் கிழித்துச் சின்ன விசிறி செய்து வீசிக்கொண்டார். ஒன்றே முக்காலுக்குத்தான் மேலே எழும்பியது.

பம்பாயில் இறங்கியபோது மணி மூன்றரை. பெட்டி வருகிற இடத்தில் நின்றேன். மற்றவர்கள் பெட்டி எல்லாம் வந்தது. என்னுடையது நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்தது. வெளியே ஓடினேன். வெளிநாட்டு விமான நிலையத்துக்குப் போகிற பஸ் எது என்று மூன்று பேரைக் கேட்டேன். இரண்டு பேர் இந்தியில் பதில் சொன்னார்கள். ஒருவர் கையைக் காட்டினார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் டிரைவர் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருக்கிறான். நான் கீழே இறங்கி அவன் எதிரில் போய் நின்று தமிழில் கத்தினேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, டம்ளரை வைத்துவிட்டு வண்டியை எடுத்தான். வழியெல்லாம் நெரிசல். நாலு நாற்பதுக்குக் கவுண்ட்டர் முன்னால் நின்றேன்.

கவுண்ட்டரை நாலு மணிக்கே மூடிவிட்டார்களாம். விமானம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மூடுவது வழக்கமாம். அங்கே இருந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். விமானம் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது, எனக்கும் தெரிகிறது, அவளுக்கும் தெரிகிறது. என்னோடு தேர்வான ஏழு பேரும் கேரளத்துப் பெண்கள், முந்தின நாளே பம்பாய் வந்துவிட்டவர்கள். அவர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் வெளியே முறுக்குப் பெட்டியோடு நிற்கிறேன். அந்தப் பெண் என் இரண்டு டிக்கெட்டையும் வாங்கிப் பார்த்தாள். இரண்டும் தனித்தனி டிக்கெட், முதல் விமானம் தாமதமானதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றாள். பிறகு நடுவில் இருக்கிற நேரத்தை விரலால் தொட்டுக் காட்டி, இதை யார் போட்டது என்று இங்கிலீஷில் கேட்டாள்.

என் பெரியப்பா என்று சொன்னேன். அவர் விமானக் கம்பெனியில் வேலை செய்கிறவரா என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது, துக்கத்தில் இல்லை.

அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விமானம் ஒரு நிமிஷம்கூடத் தாமதம் ஆகாமல் இரண்டே முக்காலுக்கு இறங்கியிருந்தாலும், பெட்டிக்கு முப்பத்தைந்து நிமிஷம், பஸ்ஸுக்கு முப்பத்தைந்து நிமிஷம். நான் கவுண்ட்டருக்கு வந்திருக்கக்கூடியது மூணு ஐம்பத்தைந்துக்கு. அவர் எனக்கு விட்டு வைத்திருந்தது இரண்டேகால் மணி நேரம் இல்லை, ஐந்து நிமிஷம்.

அடுத்த விமானம் சனிக்கிழமை, அதில் இடம் இல்லை. மஸ்கட்டுக்குத் தந்தி அடித்தேன். தெரிந்த டாக்டரின் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு ரயிலேறினேன். நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்பே பதில் வந்திருந்தது. என் இடத்துக்கு வேறு ஒருத்தியை எடுத்துவிட்டார்கள்.

வீட்டில் துக்கம் விசாரிப்பதுபோல் ஆள் வந்தார்கள். பெரியப்பா எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். அவ ஜாதகத்துல கடல் தாண்டற யோகம் இல்ல, நாம என்ன பண்றது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். அப்பா மேல் எனக்கு வந்த கோபம் பெரியப்பா மேல் வந்ததைவிடக் கொஞ்சமும் கம்மி இல்லை. பெரியப்பாவாவது தன் புத்தியில் தப்புச் செய்தார்.

செங்கம் சாலைக் கடைக்காரரிடமும் போய்ச் சண்டை போட்டேன். அவர் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டார். டிக்கெட்டை மாற்றாதீங்க, எதுக்கும் பொண்ணை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கன்னு சொன்னேம்மா, பொண்ணுக்கு என்னா தெரியும்னுட்டார் என்றார். அந்த ஒரு வார்த்தையை நீங்களே வந்து என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். நாலு தெரு தாண்டினால் என் ஆஸ்பத்திரி. வெள்ளைக்காரர்களுக்கு அறை வாசலுக்கே போய் டிக்கெட் கொடுக்கிறவர் அவர்.

மறுபடியும் அப்படி ஒரு வாய்ப்பு எனக்கு வரவில்லை. அரசாங்க வேலை கிடைத்துக் கீழ்பென்னாத்தூர் பக்கம் போய்வர ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில் குடும்பம் பாகம் பிரிந்தது. நானும் அப்பா அம்மாவும் அடுத்த தெருவில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்துவிட்டோம். பெரியப்பாவை நல்லது கெட்டதில் பார்ப்பேன், கேட்டதற்குப் பதில் சொல்வேன், அவ்வளவுதான்.

மூன்று வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே ரிக்‌ஷாவில் ஒரு புதுப் பெட்டி. அவருடைய மகனுக்கு, எனக்குத் தம்பி முறை, ஏசி மெக்கானிக் படித்தவன், மஸ்கட்டில் வேலை கிடைத்திருந்தது. அது எனக்கு முன்பே தெரியும். பெரியப்பா சட்டைப் பையிலிருந்து அவன் டிக்கெட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். நீதாம்மா பம்பாய் எல்லாம் பாத்தவ, நடுவுல நேரம் போதுமான்னு பாத்துச் சொல்லு என்றார்.

பம்பாய் எல்லாம் பார்த்தவள். வாங்கிப் பார்த்தேன். புதன் காலை ஆறரைக்கு மெட்ராஸ். எட்டேகாலுக்குப் பம்பாய். ஐந்து மணிக்கு மஸ்கட். எனக்கு முதலில் எடுத்த அதே டிக்கெட்.

போதும், தாராளமாகப் போதும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அப்படியென்றால் அவன் செவ்வாய்க்கிழமை கிளம்ப வேண்டுமே என்று கேட்கவும் கேட்டேன்.

அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்றார். பரஸ்தானம் வைக்க வேண்டும். எதிர் வீட்டில் தீட்டு. உன் வீடுதான் திசைக்கும் பொருத்தமாக இருக்கிறது. நாலரைக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்குள் பெட்டி உள்ளே போய்விட வேண்டும். சொல்லிக்கொண்டே ரிக்‌ஷாக்காரரைப் பெட்டியை இறக்கச் சொன்னார்.

நான் வாசல் நிலையில் இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டு நின்றேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது.

“கடல் தாண்டறதுக்குப் பரஸ்தானம் செல்லாதுன்னு எனக்குச் சொன்னீங்களே பெரியப்பா,” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் திருட்டுத்தனம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இல்லை. நிஜமாகவே யோசித்தார்.

“நானா? நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?”

மூன்று வருடம் நான் தினமும் தின்று விழுங்கிய வாக்கியம் அவருக்கு ஞாபகமே இல்லை. பின்னால் அப்பா வந்து நின்றார். அம்மாவும் வந்தாள். வழக்கம்போல் அப்பா, விடும்மா, பெட்டிய உள்ள வைக்கட்டும் என்றார். நான் நகரவில்லை. அன்றைக்கு அம்மா கேட்டதையும் அவர் சொன்னதையும் வரி வரியாகச் சொன்னேன். துண்டையும் திண்டிவனத்தையும் சொன்னேன். தெருவில் இரண்டு பேர் நின்று கேட்டார்கள். கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன். சொன்னதை ஒத்துக்கொண்டால்தான் பெட்டி உள்ளே போகும் என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபது. பெட்டியைப் பார்த்தார். ரிக்‌ஷாக்காரர் அதை இடுப்பில் தாங்கிக்கொண்டு நின்றார். நாலு இருபத்தைந்து ஆனது. பெரியப்பாவுக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. பம்பாயில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது எனக்கும் அப்படித்தான் வியர்த்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுத எனக்கு வெட்கம் இல்லை.

“சரிம்மா. சொன்னேன்னே வச்சுக்கோ. நேரமாவுது, வழிய விடு,” என்றார்.

சொன்னேன்னே வச்சுக்கோ. அதற்கு மேல் அவரிடமிருந்து வராது என்று தெரிந்துவிட்டது. அம்மா பின்னாலிருந்து என் முழங்கையைத் தொட்டாள். பையன் என்ன செய்தான் என்று மெல்லக் கேட்டாள். அவன் ஒன்றும் செய்யவில்லைதான். கையை எடுத்தேன். ராகு காலத்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது பெட்டி உள்ளே போனது. அது இரண்டு நாள் எங்கள் கூடத்தில் இருந்தது. நான் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தேன், சுற்றி வந்துதான் சமையலறைக்குப் போக முடியும்.

செவ்வாய் மதியம் தம்பி வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். ஒரு தடங்கலும் இல்லாமல் போய்ச் சேர்ந்தான். இரண்டு வாரத்தில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. பெரியப்பா அதை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து, உரக்கப் படித்துக் காட்டினார். பம்பாய் ஏர்போர்ட்டில் ஒன்பது மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததாகவும், அலுத்துப் போய்விட்டதாகவும், அடுத்த முறை நடுவில் இவ்வளவு நேரம் விட வேண்டாம் என்றும் அவன் எழுதியிருந்தான்.